மாற்றிக் கொடுக்காத பெட்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, இன்னும் மாற்றவில்லை. கடைக்காரர் வேறு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். நம்முடையதைக் கொடுத்தால்தான் அதைத் தருவார். இவ்வளவு பழைய லாரிக்கு இந்த இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லையாம். ஒரு வண்டியில் செத்தது இன்னொரு வண்டியில் பிழைத்து எழும். வாங்கிய பழசைத் திறந்து, அதில் பதிந்திருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, பற்றவைத்து, வேறொரு இன்ஜினின் எண்ணை ஏற்றி விற்பார்கள்.

துடைத்துவிட்டு. அந்தச் சொல்லில் நின்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெயிலிலிருந்து வந்த உங்கள் கடிதம் மூன்றே வரி. பெட்டியை மாற்று. பழசைக் கொடுத்துவிடு. வேறெதையும் யோசிக்காதே. செவ்வாய்க்கிழமை உங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகளைப் பற்றிக்கூட இல்லை. ஒரு பெட்டிக்கு இவ்வளவு அவசரமா என்றுதான் முதலில் தோன்றியது.

வீட்டுச் சேதி. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். பெரியவன் பள்ளிக்கூடத்தில் ஒருவனை அடித்துவிட்டான். உங்கப்பா குடித்துவிட்டுத்தானே ஓட்டினார் என்று அவன் கேட்டானாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் ஓட்டும்போது தூங்கிவிட்டீர்கள் என்பது ஊர் சொன்னதில்லை. போலீசில் நீங்களே எழுதிக் கொடுத்தது.

அண்ணி அதை இன்னும் நம்பவில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்: "பதினெட்டு வருஷமா ஓட்டுறாரு. மத்தியானம் மூணரை மணிக்குத் தூங்கிட்டாராம். லீவு நாள்ல மத்தியானம் கொஞ்சம் படுங்கன்னு சொன்னாலே என்கிட்ட சண்டைக்கு வருவாரு." நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன்.

லாரியைப் போலீஸ் திரும்பக் கொடுத்த அன்று, கூப்பிட்டிருந்த டிரைவர் ஏழு கிலோமீட்டர் ஓட்டினார். நின்றது. ஆறவிட்டார், ஓடியது. மறுபடி நின்றது. நாம் இரண்டு பேரும் அறிந்த அதே நோய். விபத்துக்குப் பிறகு அவர்கள் சோதித்தது ஆறிப்போன இன்ஜினை. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

கடைக்குப் போகும் முன்பு, ஒருத்தரிடம் காட்டிவிடு என்று அந்த டிரைவர்தான் அனுப்பினார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. எல்லோரும் சால்டர் அக்கா என்கிறார்கள். சுவர் முழுக்கப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய சீட்டு. நடுவில் ஒரு மைக்ராஸ்கோப். பற்றவைக்கிற சூடு ஆறிவிடக்கூடாதென்று விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்.

ஒயர்கள் வந்து சேரும் வாயைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும்மா இதக் குளிப்பாட்டுனது?"

நானும் குனிந்து பார்த்தேன். பித்தளை ஊசிகள். பாசி பிடித்த மாதிரிப் பச்சை.

தெரியாது என்றேன்.

ஈரத்துணி என் யோசனை, அண்ணா. போனில் எங்கோ படித்தேன்: பெட்டி சூடானால் நனைத்த துணியைப் போர்த்துங்கள், வீடு வந்து சேரலாம். என் துண்டைத்தான் நான்காகக் கிழித்துக் கொடுத்தேன். டாக்டரம்மா காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போடச் சொல்லிவிட்டார்கள் என்று நீங்கள் கேலி செய்தீர்கள். ஆனாலும் செய்தீர்கள். நான் சொன்னதை நீங்கள் எப்போது செய்யாமல் இருந்தீர்கள்? நான்கு மாதமாக அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு அக்கா ஒயர்களை மாட்டிக் கம்ப்யூட்டரில் திறந்தார். இன்ஜின் தானாக நின்றது: பதினான்கு முறை. ஒவ்வொன்றும் எத்தனையாவது மணி ஓட்டத்தில் என்று வரிசையாக இருந்தது. நீங்கள் வழியிலிருந்து போன் செய்த அத்தனை தடவையும் அதில் இருந்தது. அதற்குக் கீழே, விபத்துக்கு முந்தைய கடைசி ஒரு நிமிடம். நொடிக்கு ஒரு வரி.

வேகம் 52. இன்ஜின் பூஜ்யம். பிரேக் மிதிக்கப்பட்டது.
49. பூஜ்யம். மிதிக்கப்பட்டது.
45. பூஜ்யம். மிதிக்கப்பட்டது.
40.
31.

அதோடு முடிந்தது. எல்லா வரியிலும் உங்கள் கால் பிரேக்கில் இருக்கிறது. இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். அந்த இறக்கத்தில், அந்த வளைவில், கல்லைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

என்ன கேஸ் என்று அக்கா கேட்டார். டிரைவர் தூங்கிவிட்டார் என்று கேஸ் என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தூங்குறவன் கால் இப்பிடி மிதிக்காதும்மா."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். உங்கள் மூன்று வரியும் அங்கேதான் புரிந்தது.

வக்கீலிடம் போனேன். பெட்டியைக் காட்டினால் தூங்கினார் என்பது நிற்காது, ஆனால் பதினான்கு முறையும் வெளியே வரும் என்றார். கோளாறு தெரிந்தே வண்டியை அனுப்பியது யார் என்று கேட்பார்கள், கேஸ் ஓனர் பக்கம் திரும்பும். "ஓனர் யாரு, அண்ணனோட மாமனாரா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான் என்றேன். பேனாவை மூடி வைத்தார்.

ராசிக்காரி பேரில் இருக்கட்டும் என்று, நான் கல்லூரியில் சேர்ந்த வாரம் என் பேரில் வாங்கினீர்கள். அதனால் லோடு கம்பெனிக்கு மாதாமாதம் போகிற தாளில், வண்டியில் பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். தெரிந்தே நான்கு தாள். இந்தப் பெட்டியை மாற்றிவிடலாமா என்று நீங்கள் கேட்டபோது, பத்து நாள் வண்டி நின்றால் நம் இடத்தை வேறு லாரிக்குக் கொடுத்துவிடுவார்கள், இந்த மாதம் வேண்டாம் என்றவளும் நான். அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தூங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த மாதம் நான் வேலையில் சேர வேண்டும், அதுவரை எதுவும் என்மேல் படக்கூடாது. அதுதானே?

பஸ்ஸுக்காக நின்றிருந்து நம் லாரியில் அடிபட்டு இறந்த அந்த மனிதருடைய தெருவுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் போகத் தைரியம் வரவில்லை. வாசலில் அவர் மகள், என் வயதுதான் இருக்கும், யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டானாம், ஒரு மனுஷன் நிற்பதுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டானாம் என்றாள். அவள் வெறுப்பதற்குச் சரியான ஆளான நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

இன்று காலை அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு முதல் தாள் வரை. மெஷின் பாதித் தையலில் நின்றது. அறைவார் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியானால் அவர் தூங்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதார். லாரி ஓடாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தார்.

உங்களிடம் தருவதற்கு முன் இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். இதுவரை நீங்களாகவே செய்தீர்கள், இது நான் கேட்பது. செவ்வாய்க்கிழமை கேட்கும்போது, தூங்கவில்லை என்று சொல்லுங்கள். பிரேக்கை மிதித்தேன் என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் காதில் அது விழ வேண்டும். பெரியவன் காதிலும். என்னைக் காப்பாற்றியது போதும், அண்ணா. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை

பி.கு. பதினொன்றரை மணிக்குப் பெட்டியையும், சால்டர் அக்கா அச்செடுத்துக் கொடுத்த தாள்களையும் ஸ்டேஷனில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அண்ணி கூட வந்தார். கடிதத்தை அவர் தபாலில் போடுவார். நீ யார் என்று கேட்டார்கள். வண்டி என்னுடையது என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருக்கிறேன்.