பொடியை அழுத்தாதே

கள்ளிக்குப்பம்,
திங்கள், காலை ஐந்தரை.

அன்பு மகன் மேக்ஸ்வெல்லுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நான் நலம், அங்கே உன் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்குத்தான் வலது கை சுகமில்லை. சனிக்கிழமை நான் அடுப்பில் வைத்த மோக்கா பாட், அதான் ஆவியில் தண்ணீரைப் பொடி வழியே மேலே ஏற்றும் அந்தக் காபிக் கெண்டி, பக்கவாட்டில் கொதிநீரைப் பீய்ச்சி, மணிக்கட்டுவரை கொப்புளம். இன்னாடி இது, காபி கேட்டா ஆளையே வேக வெக்கிறியே என்று கத்தினார். கட்டுப் போட்டாயிற்று, பயப்படாதே. தப்பு என்னுடையது. ஃபில்டரில் அமுக்குகிற பழக்கத்தில் சிக்கரி கலந்த நைஸ் பொடியை இதிலும் அமுக்கி அடைத்தேன், நாலு டம்ளர் வரட்டும் என்று தண்ணீரையும் கீழ்ப்பாகத்தின் பக்கத்தில் இருக்கிற ஆவி வால்வுக்கு மேலே ஊற்றினேன். பொடி ஊறி வழியை மூடிவிட்டது. உனக்குக் கொடுத்தனுப்பியதும் அதே பாட், சொல்லித்தந்ததும் அதே பாடம். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும். சிக்கரி வேண்டாம், பொடி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும், தட்டிச் சமன் செய், அழுத்தாதே. இறுக்கி மூடி சின்னத் தீயில் வை, வால்வு உன் பக்கம் பார்க்கக் கூடாது. நுரைத்துச் சீறத் தொடங்கியதும் இறக்கிவிடு, கசக்காது.

நம் பூந்தமல்லிக் கடையில் இந்தப் பாட் பதினொன்று விற்றேன், எல்லோருக்கும் நல்லா அமுக்கி ரொப்புங்க என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி சொல்லியனுப்பினேன். பத்துப் பேரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அண்ணனூர் ஜமீலா, அதான் கஷாயமா வந்துச்சா, நான் உன் மூஞ்சிக்காக குடிச்சிகினு இருந்தேன்க்கா என்று சிரித்தாள். பதினோராவது, நான் இப்போது வாசலில் உட்கார்ந்து எழுதுகிற இந்த ஃப்ளாட்டில் இருக்கும் அகல்யா, ஐடி வேலை. ரெண்டு வயதுப் பிள்ளையை அடுப்பு மேடையில் உட்கார வைத்துக்கொண்டுதான் காபி போடுவேன் என்று அவளே சொன்னாள். போன் அணைந்து கிடக்கிறது. நேற்று வந்தால் பூட்டு. ஊருக்குப் போய்கீறாங்க, காலைல ரயில்ல வந்துருவாங்க என்றார் வாட்ச்மேன். கதவில் சீட்டு ஒட்டினேன், தூக்கக் கலக்கத்தில் யார் படிப்பார்கள்? வந்ததும் முதல் வேலை காபிதான். அதனால் நாலரைக்கே வந்து கேட்டருகே உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தாறு வருட வியாபாரத்தில் நான் சொன்னது தப்பு என்று ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. இந்த ரெண்டு நாளில் பத்து முறை சொல்லிவிட்டேன், இன்னும் வாய் பழகவில்லை.

ஆட்டோ ஒன்று திரும்புகிறது. கர்த்தர் உன்னைக் காப்பாராக, வேளைக்குச் சாப்பிடு, இதைப் படித்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போடு.

உன் அம்மா,
ஞானசௌந்தரி

பி.கு.: அகல்யாதான். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, நீங்கதானே ஆன்ட்டி அமுக்கச் சொன்னீங்க என்றாள். ஆமாம்மா, நான்தான் என்றேன்.