உங்கள் மனுவின் கடைசி வரி

இன்று காலை பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் என் அருகே நின்றவர் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். அந்த மணம் வந்ததும் என் நாக்கு வறண்டது. நாளொன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்கும் நமக்கு, தாகத்தை ஏமாற்ற நீங்கள் கண்டுபிடித்த வழி அது. டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே காகிதப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டுவீர்கள்.

"ஒன்னு வாயில போட்டுக்கோ சார். கோர்ட்ல பேசுற வாயி, காஞ்சி போவக்கூடாது."

செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நீங்கள் அம்பத்தூர் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். நான் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன். என்னைவிட நான்கு வயது இளையவர் நீங்கள். ஆனாலும் உங்களை ஒருமையில் அழைக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை. உங்களுக்கோ என்னை 'நீ' என்று அழைப்பதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. 'சார்' என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்வீர்கள்.

உங்களைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நம் இருவருக்கும் ஒரே நோய், ஒரே இயந்திரம். நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். நீங்கள் செவிலியரோடு வம்பளந்துகொண்டிருந்தீர்கள். இந்த வேறுபாட்டுக்கு ஏதேனும் காரணம் இருந்தாக வேண்டும் என்று எண்ணி, ஒருநாள் விசாரணையைத் தொடங்கினேன். நீங்கள் வாய்க்கு வாய் சொல்லும் ஆண்டவர்மேல் நம்பிக்கை எப்போது வந்தது என்று கேட்டேன்.

"கிட்னி போச்சின்னு சொன்ன வாரம் சார். பக்கத்து ஊட்டம்மா ஜெபத்துக்குக் கூப்டாங்க. ஊட்ல ஒரே புழுக்கம். அங்க ஃபேன் ஓடிகினு இருந்துச்சி, போயி குந்திகினேன்."

"மின்விசிறிக்காகவா போனீர்கள்?"

"அதுக்குத்தான் போனேன். நடுவுல கரண்டு போச்சி. எழுந்து வரத் தோணல."

அதற்கு வேறு விளக்கமும் இருக்கலாமே என்றேன். "இருக்கும். கண்டுபுடிச்சி சொல்லு," என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அந்த ஐப்பசியில் என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மருத்துவருக்கு எழுதியது. விளைவுகளை முழுமையாக அறிந்தே இச்சிகிச்சையை நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன் என்பது அதன் சாரம். என் மனைவிக்குத் தெரியாது. உங்களிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நீங்கள் புத்திமதி எதுவும் கூறவில்லை. "தேதி போட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள். இல்லை என்றேன். "செரி" என்றீர்கள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை என்னிடம் ஓர் உதவி கேட்டீர்கள். உங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் தங்கள் தேவையைச் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடுவார்கள். பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து ஜெபிப்பார். இடக்கை இரத்தக்குழாய் அடைபட்டதால் உங்களுக்கு வலக்கையில் ஊசி ஏறியிருந்தது. எனக்கு வலக்கை ஓய்வாக இருந்தது.

"ஒரு சீட்டு எழுதிக் குடு சார்."

"யாருக்கு முகவரியிடுவது?"

"ஆண்டவருக்குத்தான். வேற யாருக்கு, தாசில்தாருக்கா?"

எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே முறைதான். மனுதாரர் இன்ன வயதினர், இன்ன தொழில் செய்துவந்தவர் என்று தொடங்கினேன். சங்கதிகளுக்கு எண்ணிட்டேன். முடிவில், மனுதாரருக்குப் பொருத்தமான சிறுநீரகம் ஒன்று கிடைக்கச் செய்யுமாறும், அல்லது தாங்கள் தகுந்ததெனக் கருதும் வேறு பரிகாரம் வழங்குமாறும் வேண்டி, உங்கள் இடக்கைப் பெருவிரல் ரேகையையும் வாங்கிக்கொண்டேன். செவிலியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

சனிக்கிழமை நீங்கள் உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டீர்கள்.

"மொத வரிலயே சனம் சிரிச்சிச்சி சார். பாஸ்டரே சிரிச்சிகினுதான் படிச்சாரு. கடைசி வரி வந்துச்சி பாரு, நிறுத்திட்டாரு. திருப்பி ஒருவாட்டி படிச்சாரு. ஒருத்தரும் சிரிக்கல. அந்த வரிய இன்னாத்துக்குப் போட்ட?"

எல்லா மனுக்களிலும் அது இருக்கும் என்றேன். நமக்குத் தெரிந்ததைத்தான் நம்மால் கேட்க முடியும். நாம் கேட்கத் தவறிய நியாயம் ஒன்று நீதிபதியின் கண்ணுக்குத் தெரியக்கூடும். அதற்கு வழி அடைபடாமல் இருக்கவே அந்த வரி என்று விளக்கினேன்.

"அப்போ எனுக்கு இன்னா வேணும்னு எனுக்கே முழுசா தெரியாதுன்னு ஒத்துக்கினு வக்கீலுங்க எழுதுறீங்க."

"ஆம். அப்படித்தான்."

குழாயில் ஓடும் இரத்தத்தைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தி, "உன் பைல கீற லெட்டர்ல அந்த வரி கீதா சார்?" என்றீர்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறேன். அந்த வரி இல்லாமல் நான் எழுதியது அது ஒன்றுதான். அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்தது. மாற்று எதையும் நான் கேட்டிருக்கவில்லை.

அன்றே அதைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்; ஆனால் அது உண்மையன்று. அது மேலும் சில வாரங்கள் பையிலேயே கிடந்தது. நான் செவ்வாய்க்கிழமை வந்தேன். வியாழக்கிழமையும் வந்தேன். சபைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து கடைசி வரிசையில் அமர்ந்தேன். நீங்கள் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டீர்கள். அதற்கு நன்றி. கடிதத்தை எப்போது எடுத்து வீசினேன் என்பது இப்போது எனக்கே நினைவில்லை.

உங்களுக்குச் சிறுநீரகம் கிடைக்கவில்லை. தை பிறந்து சில நாட்களில், காலை நேரத்தில், பல் துலக்கிக்கொண்டிருக்கையில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அடக்கம் முடிந்தபின் உங்கள் மனைவியிடம், நீங்கள் மனுவில் கேட்டது கிடைக்கவில்லையே என்று கேட்டேன். தவறான நேரத்தில் கேட்கப்பட்ட கேள்விதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அத வுடு சார். முந்தியெல்லாம் நானு ஒரு வார்த்த பேசினா சோத்துத் தட்டு பறக்கும். ஜெபத்துக்குப் போவ ஆரம்பிச்ச மூணு வருசமா என் தட்ட அவுருதான் கழுவி வெச்சாரு. அவுரு இன்னா கேட்டாரோ, எனுக்குக் கெடச்சிச்சி."

உங்கள் மனுவின்மீது பிறப்பிக்கப்பட்ட உத்தரவு இதுதானா என்பதை நான் அறியேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே பதிந்து வைத்திருக்கிறேன். சுவிசேஷங்களையும் பென்சிலோடுதான் வாசிக்கிறேன், ஓரங்களெல்லாம் கேள்விக்குறிகள். சென்ற மாதம் பாஸ்டர் நேரடியாகவே கேட்டார், இயேசுவை நம்புகிறீர்களா என்று. "நம்புகிறேன். காரணங்களை இன்னும் எழுதி முடிக்கவில்லை," என்றேன். நீதிமன்றத்திலும் சில வேளைகளில் உத்தரவு முதலில் வரும், காரணங்கள் பின்னால் வரும். அவர் தலையசைத்துக்கொண்டார்.

உங்கள் நாற்காலிக்கு ஆவடியிலிருந்து ஒரு புதியவர் வருகிறார். யாரிடமும் பேசுவதில்லை. இன்று ஊசி ஏறியதும் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் எவ்ளோ நாளைக்கி சார்?"

வாக்குறுதி தருவது என் வழக்கமன்று. உங்கள் பேச்சை இரவல் வாங்கவும் கூச்சமாக இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: "தெரியாது. நான் வியாழக்கிழமை வருவேன். நீங்களும் வாருங்கள்."