திருப்பி மாட்டிய ஃபேன்

மார்ச் 3

மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவளிடம் எனக்கு முறை பார்க்கத் தோன்றவில்லை. என் நம்பரையும் உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நீ எனக்குப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தாயே ஒரு கம்ப்யூட்டர், அது இப்போது மாவு மில் மாதிரி ஓடுகிறது. சுவிட்ச் போட்டு ஐந்து நிமிடத்தில் ஃபேன் சத்தம் ஏற ஆரம்பிக்கிறது. பத்தாவது நிமிடத்தில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு நான் உருப்படியாகச் செய்வது அந்த ஒன்றைத்தான். எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒன்பது பாடம் அவர்களுடைய நூலகத்துக்கு அனுப்பினேன். ஒன்பதும் திரும்பி வந்துவிட்டன. "டீச்சர், உங்க குரலுக்குப் பின்னால ஒரு லாரி நிக்குதே" என்கிறார் நூலகத்துப் பொறுப்பாளர். ஏப்ரல் கடைசியில் பரீட்சை.

என் மகன் திறந்து பார்த்துவிட்டு, "அவ அரைகுறையா மாட்டிட்டுப் போயிட்டா, அவ வேலையே அப்படித்தான்" என்றான். நானும் அதை என் அக்கா வீட்டில் நாலு பேர் எதிரே சொன்னேன். சொன்னதற்கு வருத்தமில்லை. குடும்பத்தையும் அரைகுறையாக விட்டுப் போனவள்தானே நீ.

நீ பூட்டியது. நீயே வழி சொல்.

அத்தை

மார்ச் 8

அத்தைக்கு,

உங்க கடிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். அப்புறம் அந்தப் பிள்ளைங்க பரீட்சையை நினைச்சு, துண்டுகளைப் பொறுக்கி மறுபடி படிச்சேன். இந்தப் பதில் அவங்களுக்காக. உங்களுக்காக இல்லை.

நான் அரைகுறையா வேலை செய்யறவ இல்லை. அந்த மெஷினை உங்க மேஜையில வச்சு, நாலு மணி நேரம் ஓட விட்டு, பக்கத்துல உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்டுட்டுத்தான் எழுந்தேன். அன்னிக்கு நீங்களே "இது ஓடுதா, நின்னு போச்சா?"ன்னு கேட்டீங்க. மறந்திருக்கும்.

முதல்ல அதை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்குங்க. உங்களைப் பார்த்து இருக்கிற மாதிரி வச்சா இடது கைப் பக்கத் தகடு, பின்னால ரெண்டு ஸ்க்ரூ. கழட்டிப் பின்பக்கமா இழுத்தா வந்துடும். உள்ளே தூசி இருந்தா பெயிண்ட் அடிக்கிற காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க. அப்போ ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விடாதீங்க. நடுவுல தகடு தகடா அடுக்கின மாதிரி ஒண்ணு இருக்கும், அது மேலயும் ஒரு ஃபேன். சத்தம் போடறது அனேகமா அதுதான். ஆனா அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை. காத்து வராததால மூச்சு வாங்குது, அவ்வளவுதான்.

காத்து ஏன் வரலைன்னு பாருங்க. முன்பக்கம் ரெண்டு ஃபேன் காத்தை உள்ளே இழுக்கணும். பின்பக்கம் ஒண்ணு வெளியே தள்ளணும். தகட்டை மூடி, மெஷினை ஓட விட்டு, முன்னால ஒரு தாளைப் பிடிங்க. தாள் போய் ஒட்டணும். பறந்தா தப்பு.

மேஜைக்கு அடியில கதவு போட்ட பெட்டிக்குள்ளே யாராவது தள்ளி வச்சிருந்தா வெளியே எடுங்க. சுவத்துக்கும் அதுக்கும் ஒரு சாண் இடைவெளி வேணும்.

முன்னால நான் மாட்டினது ரெண்டும் கறுப்பு ஃபேன். வேற ஏதாவது இருந்தா என்னைக் கேட்காதீங்க. வீட்டுல இருக்கிறவரைக் கேளுங்க.

இப்படிக்கு,
கடையிலிருந்து

மார்ச் 15

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மரியாதை குறைந்திருந்தாலும் விவரம் தெளிவாக இருந்தது. என் மாணவர்களில் ஒருவர்கூட இப்படி விடை எழுதியதில்லை.

பெட்டிக்குள்தான் இருந்தது. மகன் கதவையும் சாத்தித்தான் வைத்திருந்தான். வெளியே இழுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தகட்டைக் கழற்றினால் உள்ளே பஞ்சு மெத்தையே இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் தட்டினேன். பிறகு நீ சொன்னபடி மூடி, ஓட விட்டு, தாளைப் பிடித்தேன். பறந்துபோய் என் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

முன்பக்கம் கறுப்பு ஃபேன் இல்லை. சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரிகிற இரண்டு ஃபேன். சாப்பிட உட்கார்ந்தவனைக் கேட்டேன்.

"முன்னால இருந்த ஃபேனை நீயா மாத்தினே?"

"ஆமா. லைட் வர்ற மாதிரி வாங்கிப் போட்டேன். அழகா இல்லையா?"

"எப்போ?"

"ஜூன்ல. ஏன், இப்போ என்ன?"

"திருப்பி மாட்டியிருக்கே. காத்து வெளியே போகுது."

"ஒரு ஃபேனுக்கு இவ்வளவு விசாரணையா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

நீ போனது ஏப்ரலில். அவன் மாற்றியது ஜூனில். அப்படியானால் உன் வேலையைப் பற்றி நான் பேசியது தவறு. டீச்சராக இருந்தவள், தவறைத் தவறு என்று எழுதத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். ஃபேனைப் பற்றி இத்தனை விவரமாக எழுதத் தெரிந்த உனக்கு, உன் கஷ்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? நான் அடுத்த அறையில்தானே இருந்தேன்? கேட்டிருந்தால் வராமலா இருந்திருப்பேன்?

திருப்பி மாட்டுவது எப்படி என்றும் எழுது.

அத்தை

மார்ச் 20

அத்தைக்கு,

அடுத்த அறையில இருந்தீங்களா? தெரியும். எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும்.

இதை எழுதக்கூடாதுன்னு பதினோரு மாசமா வாயை மூடிட்டு இருந்தேன். நீங்களே கேட்டுட்டீங்க, வாங்கிக்கோங்க.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காலையில பதினோரு மணி. நான் வேலைக்குப் போறதைப் பத்தித்தான் பேச்சு ஆரம்பிச்சது, எப்பவும் போல. "ஸ்க்ரூ டிரைவரைப் பிடிச்சுக்கிட்டு ஆம்பளைங்களோட நிக்கிறவ"ன்னார் உங்க பிள்ளை. நான் டூல் பாக்ஸை எடுத்துட்டுக் கிளம்பினேன். அதைப் பிடுங்கி என் மேலேயே வீசினார். இரும்புப் பெட்டி, அத்தை. தோளுக்குக் கீழே எலும்புல விரிசல் விழுந்துடுச்சு. கீழே விழுந்து "அத்தை!"ன்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். என் சொந்த அம்மாவைக் கூப்பிடத் தோணலை அந்த நேரத்துல.

உங்க ரூம் கதவு பாதி திறந்திருந்தது. ஹெட்ஃபோனைக் கழுத்துல இறக்கிட்டு என்னைப் பார்த்தீங்க. எழுந்து வந்தீங்க. வர்றாங்கன்னு நினைச்சேன். நீங்க கதவைச் சாத்தினீங்க.

அப்புறம் உள்ளேயிருந்து உங்க குரல். "வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன." முதல்ல ஒரு தடவை வாசிச்சீங்க. தொண்டையைச் செருமிட்டு இன்னொரு தடவை வாசிச்சீங்க. என் சத்தம் பதிவாயிடக் கூடாதுன்னு.

அடிச்சவர் மேல எனக்கு இருக்கிற கோபம் ஒரு மாதிரி. அதுக்குக் கோர்ட் இருக்கு, கேஸ் போட்டிருக்கேன். உங்க மேல இருக்கிற கோபத்தை எங்கே கொண்டு போய் வைக்கிறதுன்னுதான் தெரியலை. அவர் அப்படித்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க அப்படி இல்லைன்னு நினைச்சிருந்தேன்.

ஏப்ரல் நாலாம் தேதி விசாரணை. "அன்னிக்கு வீட்டுல வேற யார் இருந்தாங்க?"ன்னு என் வக்கீல் கேட்டார். யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். உங்களை இழுக்க வேண்டாம்னு பெருந்தன்மையா சொன்னேன்னு நினைச்சுக்காதீங்க. இருந்தும் இல்லாத மாதிரிதானே இருந்தீங்க.

ஃபேன்: நாலு மூலையிலயும் ஸ்க்ரூ இருக்கும். கழட்டுங்க, வயரை இழுக்காதீங்க. ஒரு பக்கம் இறக்கை வெறுமனே தெரியும். மறுபக்கம் அதைத் தாங்குற நாலு கம்பி தெரியும். காத்து வெளியே வர்றது கம்பி இருக்கிற பக்கம். அது மெஷினுக்கு உள்பக்கமா பார்க்கணும். ஸ்க்ரூவைத் தகட்டோட இறுக்கும்போது நடுவுல சின்ன ரப்பர் வளையம் போடுங்க, அதிர்வு குறையும். தொங்குற வயரையெல்லாம் ஓரமா சேர்த்துக் கட்டுங்க, காத்து வழியில நிக்கக்கூடாது.

இனிமே எழுதாதீங்க.

மார்ச் 29

மருமகளுக்கு,

எழுதாதே என்றாய். மீறுகிறேன். இதுதான் கடைசி.

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதினேன். முதலாவதில் எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று எழுதினேன். இரண்டாவதில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே வரக்கூடாது என்று எழுதினேன். மூன்றாவதில் பிள்ளைகளின் பாடத்தைக் காரணம் காட்டினேன். மூன்றையும் வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. வகுப்பில் ஒருத்தி இப்படிப் பொய் எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

உண்மை இது. அவன் பெட்டியை வீசியதைக் கதவு வழியாகப் பார்த்தேன். நீ கூப்பிட்டது கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. உன்னைப் பார்த்தேன். அவன் முகத்தையும் பார்த்தேன். பயந்துவிட்டேன். நான் பெற்றவனைக் கண்டு நானே பயந்தேன். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் இத்தனை மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. ஒன்பது பாடத்தையும் மறுபடி வாசித்து அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை.

ஞாயிறன்று அக்காவையும் அவள் வீட்டாரையும் வரச் சொன்னேன். யார் எதிரே உன்னைப் பழித்தேனோ அவர்கள் எதிரேதான் சொல்ல வேண்டும் என்று. மகனும் இருந்தான்.

"மெஷினைக் கெடுத்தது இவன். மருமகள் வேலையில் ஒரு குறையும் இல்லை" என்றேன். "அவளை இவன் டூல் பாக்ஸால் அடித்தான். எலும்பில் விரிசல் விழுந்தது. நான் கதவைச் சாத்தினேன்" என்றும் சொன்னேன்.

"யாரு சொன்னா? அவளா எழுதினா?" என்று எழுந்தான்.

"யாராவது சொல்லணுமா? என் கண்ணால பார்த்தேன்."

"நீ யாருக்கு அம்மா?"

"உனக்குத்தான். அந்த வெட்கத்துலதான் பேசறேன்."

நாற்காலியை உதைத்துவிட்டுப் போனான். நான் உட்காரவில்லை. மறுநாள் இரண்டு பையோடு நண்பன் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். அக்கா என்னோடு பேசுவதில்லை.

செவ்வாயன்று உன் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். விலாசம் வீட்டுக்கு வந்த நோட்டீஸில் இருந்தது. குமாஸ்தா, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டார். "பையனோட அம்மா" என்றதும் பேனாவை மூடிவிட்டார். உட்கார்ந்து எல்லாம் சொன்ன பிறகுதான் திறந்தார். "கதவைச் சாத்தினதையும் எழுதணுமா? அது உங்களுக்குத்தானே அவமானம்" என்றார். எழுதுங்கள் என்றேன். நாலு பக்கம். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாலாம் தேதி வருவேன். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்கிற யோக்கியதை வந்த பிறகு கேட்கிறேன்.

அத்தை

ஏப்ரல் 6

அத்தைக்கு,

பேசினீங்க. கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் "மருமக சொல்லிக் கொடுத்துத்தானே பேசறீங்க?"ன்னு மூணு தடவை மடக்கினார். மூணு தடவையும் "நான் பார்த்தேன்"னு ஒரே மாதிரி சொன்னீங்க. உங்க பிள்ளை உங்களையே முறைச்சுக்கிட்டு இருந்தார். நீங்க நீதிபதியை விட்டுக் கண்ணை எடுக்கலை. அதையும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடிக்க வந்தீங்க. உதறிட்டேன். வேணும்னு செய்யலை. தானா வந்துடுச்சு. அதுக்காக வருத்தப்படறேன்னும் எழுத மாட்டேன்.

கோபம் போகலை. அது சீக்கிரம் போகும்னு நீங்க எதிர்பார்க்காதீங்க. சில நாள் கடையில வேலை செய்யறப்போ தோள் வலிக்கும், உடனே உங்க முகம்தான் வரும். நேத்தும் வந்தது.

பஸ்ஸுல ஏறினப்புறம் ஜன்னல் வழியா பார்த்தேன். கோர்ட் வாசல்ல வெயில்ல நின்னுட்டு இருந்தீங்க. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாத மாதிரி. கூட ஒருத்தரும் இல்லை.

அடுத்த விசாரணை பதினெட்டாம் தேதி. கோர்ட்டுக்கு என் கடையைத் தாண்டித்தான் போகணும். ஒன்பது மணிக்குக் கடை வாசலுக்கு வந்துடுங்க. சேர்ந்தே போகலாம்.

வழியில என்கிட்டப் பேசாதீங்க.

மருமகள்