இருந்தால்தானே கலையும்

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தேதி தள்ளிப்போய் மூன்று வாரமாகிறது. இன்றைக்கும் டெஸ்ட் கார்டில் ஒரே கோடு. கர்ப்பம் இல்லை என்று மூன்றாவது கார்டும் சொல்லிவிட்டது. பாத்ரூம் கதவைத் திறந்தால் எதிரே மாமியார். "பொட்டப் புள்ளையா இருந்தா லேட்டாத்தாம்மா காட்டும்."

ஆகா. கார்டுக்கு ஆண், பெண் எல்லாம் தெரிகிறது. அத்தைக்குத்தான் ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு நான் வீட்டுக்குத் தூரமாகிவிடக் கூடாதாம். மெடிக்கலில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி என் கையில் திணித்தவர் இதே அத்தைதான். அடுத்த வாரம் பக்கத்துத் தெருக் கூழுக்கு இன்னும் நாலு மாத்திரை. இப்போது வரவில்லை என்றதும், "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று செவிலிமேடு முழுக்க அறிவிப்பு. ஆத்தா பாவம், எதற்குத்தான் பொறுப்பேற்பாள்?

செப்டம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்காரர் விமல்ராஜ் மெதுவாக ஆரம்பித்தார். "நாள் முழுக்க நின்னுக்கினே செய்யற வேல. வுட்டுடேன்மா."

நாலு வருஷமாக அந்த போன் கம்பெனியில் நிற்கிறேன். இந்த மாதம்தான் லைன் லீடர் ஆக்கப் போகிறார்கள். இல்லாத குழந்தைக்காக இருக்கிற வேலையை விடணுமா? ஏன்யா, நீ உன் ஆட்டோவ வித்துடேன்! — கேட்கவில்லை. கேட்டிருக்கணும். உடம்புக்கு என்னவோ என்று பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்று அதைவிடப் பயம்.

செப்டம்பர் 4

யாரிடமும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு. குழந்தை இல்லவே இல்லை. தீட்டு வருவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, "யாரைக் கேட்டு ஆடியில தள்ளிப்போடற மாத்திரையப் போட்டே?" என்று திட்டு வேறு. யாரையா? எங்கள் வீட்டுப் பெரிய டாக்டர், என் மாமியார் செல்லியம்மாளைத்தான்.

செப்டம்பர் 12

வந்துவிட்டது. அப்பாடா.

செப்டம்பர் 13

எதிர்வீட்டு சம்பூர்ணம் அக்கா பாலும் முட்டையுமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கலைஞ்சிடுச்சாமேம்மா? கம்பெனில நின்னுக்கினே இருந்ததாலதான்னு உங்க அத்த சொன்னாங்க."

அடிப்பாவி! பின்னால் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "கலையலக்கா! இருந்தாத்தானே கலையும்? எனக்குத் தைராய்டு. இவங்க குடுத்த மாத்திர வேற. நான் வேலைய வுட மாட்டேன்!" தெருவே எட்டிப் பார்த்தது. விமல்ராஜ் அவசரமாக ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். முட்டையை நான் திருப்பித் தரவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

லைன் லீடராக முதல் நாள். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது பிரவீனா வந்தாள் — சம்பூர்ணம் அக்காவின் மருமகள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று போன மாதமே தெரு முழுக்க சர்க்கரை கொடுத்தார்கள். பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்தபோது சொன்னாள்: "அக்கா, எனக்கும் இல்லக்கா. வீட்ல சொல்ல பயமா இருக்குது. அந்த டாக்டராண்ட என்ன இட்டுக்கினு போறியா?"