செபஸ்தியாராக நடித்தது நான்தான்

நேற்றுக் கோயில் பந்தலுக்குப் பின்னால் இளவட்டங்கள் அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் பழைய எரிச்சல் வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் இந்தப் பாம்பன் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சுதந்திரம் வந்து மூன்றாவது தவக்காலம் அது. ஈஸ்டருக்குப் போடும் பாஸ்கு நாடகத்தில் உனக்கு, அம்பு பட்டுச் சாகிற வேதசாட்சி செபஸ்தியார் வேடம், எனக்கு அவர்மேல் அம்பு எய்கிற சேவகன். உன் வேடத்துக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று உனக்குத் தெரியும். நடிக்கிறவர்கள் நாடகம் முடியும்வரை மீன் தின்னலாம், இறைச்சி தொடக்கூடாது என்பது கட்டு. ஒரு வெள்ளிக்கிழமை நம் வலையில் ஆமை ஏறியது. தீவோரம் வள்ளத்தை ஒதுக்கிச் சமைத்தோம். நீ தயங்கினாய். "ஏலே, கடல்ல கெடக்குறதெல்லாம் மீனுதாம்ல, தின்னு" என்று சட்டியை உன் பக்கம் தள்ளியவன் நான். இருவரும் வழித்துத் தின்றோம்.

ஞாயிறன்று நாடகம் பழக்கும் அண்ணாவியார் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார்: "வெரதம் முறிச்சவுக யாரும் இருக்கீகளாப்பா?" வழக்கமாகக் கேட்பதுதான், யாரும் வாய் திறப்பதில்லை.

"ஆமைக்கறி தின்னுட்டேன் அண்ணாவி" என்றாய்.

"கூட யாரு தின்னது?"

"நான் தின்னதத்தான் நான் சொல்ல முடியும்."

என் பக்கம் நீ திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

வேடம் எனக்கு வந்தது. அதே கறி தின்ற வயிற்றோடு கம்பத்தில் கட்டுண்டு வேதசாட்சியாக உயிரை விட்டேன். பெண்கள் அழுதார்கள். ஆனால் அதற்குப் பிறகு வலைத் தகராறு என்றாலும் பாகப்பிரிவினை என்றாலும், "அவனக் கூப்பிடுங்க, அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று ஊர் உன் வாசலுக்குத்தான் வந்தது. ஒருமுறை உண்மை சொன்னவனுக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. நான் வாயை மூடிப் பழகிவிட்டேன். வேடம் கட்டியவன் நான், பேர் உனக்கு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நேற்று உன் மகள் பந்தலடியில் கேட்டாள்: "எங்கய்யா செபஸ்தியாரா நடிச்சப்ப நீங்க என்ன வேசம் மாமா?"

"நான்தாம்மா செபஸ்தியாரு" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அப்ப அய்யா ஏன் நடிக்கல?"

பதினேழு வருடம் கழித்து, நீயும் இல்லாதபோது, உண்மையைச் சொல்லிவிட ஓர் இடம் கிடைத்தது.

"அவனுக்குத் தொண்ட கட்டிருச்சும்மா."

தலையாட்டினாள். நம்பிவிட்டாள். உன் வீட்டில் வளர்ந்த பிள்ளை, கேட்டால் உண்மைதான் பதிலாக வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.