அலமாரி காலியாக இருக்கட்டும்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆடிக் காற்று. மலைப் பேருந்து ஒரு வளைவில் நின்றே விட்டது. பனிமூட்டத்தில் முன்னால் சாலை தெரியவில்லை. வாங்க வேண்டியவை: குடை, தேங்காய் எண்ணெய், சேஃப்டி பின். தோசை மாவும், அது சயின்ஸ் டீச்சருக்கும் சேர்த்து. வார நாட்களில் அவரோடு ஒரே வாடகை அறையில் இருந்துகொண்டு எனக்கு மட்டும் வாங்கினால் நன்றாக இருக்காது.

மதியம் ஆசிரியர் கூட்டம். ஹெ.எம். இரண்டு செய்தி சொன்னார். அடுத்த செவ்வாய் மாவட்டத்திலிருந்து அதிகாரி மேடம் ஆய்வுக்கு வருகிறார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான இலவச சைக்கிள் அதற்கு முன்பே வந்துவிடும். பாகம் பாகமாகத்தான் வரும், மாட்டி முடிக்கிறவரை இடம் வேண்டும். நூலக அறையைக் கொடுத்துவிடலாம், அப்படியே நிரந்தரமாக ஸ்டோர் ரூம் ஆக்க மேடத்திடம் அனுமதி கேட்கப் போகிறேன் என்றார். புத்தகங்களுக்கு ஆபீசில் இரண்டு பீரோ. எனக்கு ஆபீசில் ஒரு நாற்காலி.

யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இங்கே லைப்ரேரியன் என்றால் லீவு போட்ட டீச்சரின் வகுப்பில் போய் உட்காருகிறவள், விருந்தாளி வந்தால் டீ சொல்லி அனுப்புகிறவள். இரண்டு வருடமாகக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது வடை சாப்பிட மட்டும்தான்.

இன்று எழுந்தேன். அறை வேண்டும் சார், மேடம் வரும்போது நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றேன். குரல் கீச்சென்று வந்தது. கணக்கு சார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஹெ.எம்., சரி பேசுங்கள், மேடமே முடிவு செய்யட்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. அன்றைக்கு அலமாரி நிறைந்திருக்க வேண்டும். வெளியே போன புத்தகம் அத்தனையும் உள்ளே வர வேண்டும். அட்டை போட்டு, கண்ணாடி துடைத்து, பூட்டி.

பேச அனுமதி வாங்கிவிட்டேன்! சந்தோஷமா பயமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்றுக் கடைசி மணிக்கு முன்பே அறிவித்திருந்தேன்: நாளைக்கு எல்லாரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

நான் வருவதற்கு முன்பும், வந்த பிறகும் இந்த அலமாரிகள் பூட்டியே கிடந்தன. ஒரு புத்தகம் தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது பொறுப்பில் இருப்பவர்தான். அந்தப் பயத்தில் எல்லாப் பள்ளியிலும் பூட்டுதான். இந்த ஜூனில் திறந்துவிட்டேன். வேண்டியதை வீட்டுக்கு எடுத்துப் போ என்று சொன்னதும் ஒரே மாதத்தில் தட்டெல்லாம் காலி.

மதியத்துக்குள் ஓர் அலமாரி நிறைந்தது. வந்த நிலை: ஒன்றில் அடுப்புப் புகை வாசம். ஒன்று பழைய சேலைத் துணியில் சுற்றி. ஒன்றில் பக்க அடையாளத்துக்குக் கோழி இறகு. ஒன்றை உதறினால் சாமை அரிசி.

ஏழாம் வகுப்பு வள்ளி மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள். அவளிடம் இருப்பது கடலோரக் கதை, தடிப் புத்தகம். மீன் பிடிக்கப் போன படகுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கும். "இன்னும் முடிக்கல டீச்சர். நான் படிக்கப் படிக்க அம்மாவும் கேட்டுக்கினு இருக்குது." பழக்க தோஷம், நாளைக்குக் கொண்டுவா என்று அதட்டி அனுப்பினேன்.

பிறகு நிறைந்த அலமாரியைப் பார்த்தேன். நான் வேலையில் சேர்ந்த நாளில் இருந்த அதே அலமாரி. யாரும் தொடாத சுத்தம். இதை மேடத்துக்குக் காட்டினால் என்ன நினைப்பார்? சும்மா கிடக்கும் புத்தகம், பீரோவுக்குள் போனால் என்ன என்றுதான். அட கடவுளே. சைக்கிளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்க ஆதாரம் தேடித் தருவதே நான்தான்!

காட்ட வேண்டியது காலி அலமாரியை. புரிந்ததும் எழுந்து அறைக்குள்ளேயே மூன்று தடவை சுற்றி வந்தேன். கடைசி மணி அடித்ததும் எல்லாரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். வராந்தாவில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "டீச்சருக்கு இன்னா ஆச்சின்னே தெரியல, வாங்குறாங்க, குடுக்கிறாங்க."

ஹெ.எம்.மிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை வரை நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வெயில், அதிசயமாக. துணி காய்ந்தது.

வாரம் ஒரு நூலக பீரியட் டைம்டேபிளில் உண்டு. காகிதத்தில் மட்டும். அதைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார், ஸ்பெஷல் கிளாஸ் என்பார். இன்று நேராக அவரிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். ஆனால் பாதி வழியில் வேறு கேள்வி தோன்றி, பிள்ளைகளுக்கு எதில் சார் கஷ்டம் என்று கேட்டேன். மனுஷர் பொரிந்து தள்ளிவிட்டார். கூட்டல் கழித்தல் எல்லாம் வருகிறது, வாக்கியமாகக் கணக்குக் கொடுத்தால் படிப்பதே இல்லை, கண்ணில் படும் எண்களைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிவிடுகிறார்கள் என்றார்.

அது கணக்குக் கோளாறு இல்லை சார், வாசிப்புக் கோளாறு. என் கோளாறு. அந்தப் பீரியடைக் கொடுங்கள் என்றேன்.

எட்டாம் வகுப்பு. ஐந்து கணக்கை எண் இல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். ஓர் அம்மா கடுக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போகிறாள், கொஞ்சம் விற்கிறாள், கொஞ்சம் மிச்சம். எண் எங்க டீச்சர் என்று ஒரே கூச்சல். எண் கிடையாது, என்ன நடக்கிறது என்று மட்டும் சொல் என்றேன். சொன்னார்கள்! எந்தச் சந்தை, மூட்டையை யார் தூக்கினது, ஏன் மிச்சம் என்று சண்டையே போட்டார்கள். கடைசியில் எண்ணைச் சேர்த்தேன். முக்கால்வாசிப் பேர் சரியாகப் போட்டார்கள். கணக்கு சார் பின் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும், ஹெ.எம்.மிடம் உங்களுக்காகப் பேசமாட்டேன், ஆனால் எதிர்த்தும் பேசமாட்டேன் என்றார். அவர் அகராதியில் இது மாலை மரியாதை.

இரவு உணவுக்கு இரண்டு தோசை கூடுதல்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சங்கராபுரம், வீடு. புழுக்கம். கோயிலில் ஃபாதர் பிரசங்கம் செய்யும்போது நான் மனசுக்குள் என் பிரசங்கத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் மன்னிப்பார்.

மதியம் என் வீட்டுக்காரரை அதிகாரியாக உட்கார வைத்துப் பேசிக் காட்டினேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லில் ஷிப்டு முடித்து வந்த களைப்பு, முதல் பக்கத்திலேயே கண் சொக்கியது. உலுக்கினேன். முழித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்.

"புஸ்தகம்லாம் வூடு வூடா இருக்குதுன்னு நீ சொல்ற ரோசி. அந்தம்மா இன்னாத்துக்கு நம்பணும்? தொலைச்சிட்டு கதை விடுறான்னு நெனச்சா?"

கோபம்தான் வந்தது, தூங்குகிற மனுஷர் இப்படிச் சரியாகக் கேட்டால் வராதா. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது விடை கிடைத்தது. புத்தகம் இருக்கும் வீட்டிலிருந்தே ஆள் வரட்டும்! ஈரக் கையோடு ஓடி வந்து சொன்னேன். மெமோ கொடுத்தா என்ன பண்ணுவ என்றார். வாங்கிக்கிறேன் என்றேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மறுபடி மூட்டம். வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன்: நாளைக்குப் பத்து மணிக்கு, வீட்டில் யாருக்கு வாசித்துக் காட்டுகிறீர்களோ அவரைப் புத்தகத்தோடு அழைத்து வாருங்கள். அறை போகப் போகிறது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்று மணிக்கு சைக்கிள் லாரி. அட்டைப்பெட்டிகளை இறக்கி என் கதவுக்கு எதிரே வராந்தாவில் அடுக்கிவிட்டார்கள். உள்ளே தள்ள வேண்டியதுதான் பாக்கி.

நாலு மணிக்கு ஹெ.எம். வந்தார், கண்ணாடி துடைத்தாயிற்றா என்று பார்க்க. காலித் தட்டுகள். முகம் சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை. ரிடையர் ஆக ஒரு வருடம், பிரஷர் மாத்திரை, அதிகாரி என்றால் நடுக்கம். என்னம்மா இது, என்னை மாட்டிவிடவா பார்க்கிறீர்கள் என்று கத்தினார். பொறுப்பு முழுக்க என்னுடையது, மேடத்திடமும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லத்தான் போகிறேன் என்று போனார்.

இந்தத் தடவை குரல் கீச்சென்று வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுதி முடிக்காமல் சாப்பாடு இறங்காது.

காலையிலிருந்து தூறல். பத்து மணி, ஒருவரும் வரவில்லை. மழைக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குள் ஜீப். மேடம் என் வயதுதான் இருப்பார், வேகமான நடை. நேராக நூலகம். பின்னால் ஹெ.எம்., கணக்கு சார், மற்றவர்கள். மேடம் ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்தார். எல்லாம் காலி. இவங்கதான் பொறுப்பு மேடம் என்று ஹெ.எம். என்னைக் காட்டினார், சொன்ன மாதிரியே.

"புத்தகமெல்லாம் எங்கம்மா?"

"வீடுகள்ல இருக்குங்க மேடம்."

"எந்த வீட்ல?"

எழுதி வைத்திருந்த காகிதம் வியர்வையில் நைந்துவிட்டது. ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை. அப்போது சயின்ஸ் டீச்சர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: கேட்டுக்கு வெளியே கூட்டம், வாட்ச்மேன் விடவில்லை. ஆய்வு நாளில் வெளியாள் வரக்கூடாது என்று ஹெ.எம். உத்தரவு. அவர்கள் எப்போதோ வந்து மழையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்!

ரெண்டு நிமிஷம் மேடம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டேன். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி அம்மாக்கள், அப்பாக்கள், ஓர் அண்ணன். புத்தகங்களுக்கு மட்டும் பாலித்தீன் பை. ஹெ.எம். சொல்லாமல் திறக்கமாட்டேன் என்றார் வாட்ச்மேன். தாழ்ப்பாளை நானே நீக்கினேன்.

அறை நிறைந்துவிட்டது. பெஞ்சு போதவில்லை. மேடம் முதலில் வள்ளியின் அம்மாவைக் கேட்டார், என்ன புத்தகம் என்று. அந்த அம்மா நின்றபடியே இதுவரை கேட்ட கதை முழுக்கச் சொன்னார். கடலைப் பார்த்ததே இல்லை, அலை எப்படி எழும்பும் என்று கையால் காட்டினார். பிறகு புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

"ரூம மூடப் போறாங்க, புஸ்தகத்த வாங்கிக்குவாங்கன்னு பசங்க சொல்லுதுங்க. உங்க புஸ்தகம், வாங்கிக்கோங்க. ஆனா அந்தப் படகு திரும்புச்சா இல்லியான்னு தெரியாம நான் எப்படிங்க குடுக்கிறது?"

மேடம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் ஒவ்வொருவராக. மரவள்ளி அழுகலுக்குப் புத்தகம் உண்டா என்று ஒருவர். என் பையன் வாசிக்கும்போது முழுங்கி முழுங்கி வாசிக்கிறான், சத்தமா படிக்கச் சொல்லுங்க என்று ஒருவர் புகார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும்.

என் ஐந்து நிமிடம் வந்தது. காகிதமே இல்லாமல் பேசினேன். மூன்று விஷயம் கேட்டேன். அறை இருக்க வேண்டும். வாரம் ஒரு பீரியடை யாரும் தொடக்கூடாது. புத்தகம் ஒன்றிரண்டு தொலைந்தால் எங்களைக் குற்றவாளி ஆக்கக்கூடாது, பூட்டி வைத்தால் எல்லாமே தொலைந்த மாதிரிதான் என்றேன். சைக்கிளை எங்கே வைப்பது என்று ஹெ.எம். பாவமாகக் கேட்டார். கணக்கு சார் தொண்டையைக் கனைத்து, என் வகுப்பு வராந்தாவில் தார்ப்பாய் போட்டு வைக்கலாம் என்றார். உங்களுக்காகப் பேசமாட்டேன் என்றவர், எனக்காகவே பேசிவிட்டார்!

அறை இருக்கட்டும் என்றார் மேடம். பீரியடும். தொலைந்தவற்றுக்கு என்ன செய்யலாம் என்று மேலே கேட்கிறேன் என்றார், அது போதும். அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் பள்ளி நூலகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். எல்லாரும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றார். நான்! சொல்லப் போகிறேன்!

ஜீப் வரை போனவர் திரும்பி வந்தார். மெதுவாக, "படகு திரும்பிடுச்சாம்மா?"

சொல்லமாட்டேன் மேடம், படித்துப் பாருங்கள் என்றேன். என்ன தைரியம் எனக்கு. சரி கொடுங்கள் என்றார். வள்ளி வீட்டுக்குப் பிறகு கணக்கு சார் கேட்டு வைத்திருக்கிறார், அவருக்குப் பிறகு தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே போன் நம்பரைக் கொடுத்து, கைக்கு வந்ததும் சொல்லுங்கள் என்று போனார். ஹெ.எம். தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

மூட்டமே இல்லை. நாளைக் கொடியேற்றத்துக்கு ஒத்திகை, டிரம் சத்தம். சைக்கிள் பெட்டிகள் நகர்ந்துவிட்டன. செருப்பு கிடைத்தது. மதியம் ஹெ.எம். ஆள் அனுப்பி, நூலகப் போர்டில் எழுத்து மங்கிக் கிடக்கிறது, பெயிண்டருக்குச் சொல்லவா என்று கேட்டார்.

இடைவேளையில் வள்ளி. வெறுங்கை. நேற்றே முடித்துவிட்டார்களாம், படகு என்ன ஆனது என்று அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் கொண்டுவர வேண்டியதுதானே என்றேன்.

"அப்பா ஏலக்காய் பறிக்க கேரளா போயிருக்குது டீச்சர், தீவாளிக்குத்தான் வரும். அதுக்கும் முதல்லேர்ந்து படிச்சிக் காட்டிட்டுத்தான் குடுக்குமாம் எங்க அம்மா. அந்த மேடத்த காத்துக்கினு இருக்கச் சொல்லிச்சி."

கணக்கு சாரிடம் சொன்னேன். என் முறையை விட்டுத்தர மாட்டேன் என்கிறார். ஆக, மேடம் மூன்றாவது ஆள், தீபாவளிக்கும் பிறகு. சொல்லித்தானே ஆக வேண்டும். போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. மேடம் எடுத்துவிட்டார்!