வேலம்மாவின் ரப்பர் சக்கரம்

மூன்றாம் லயம்,
கம்போங் ராஜா,
கேமரன் மலை.
16.9.1984

அன்புள்ள அத்தானுக்கு அம்சவல்லி எழுதுவது. ஜெயா நலம். இந்த முறை வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள், அப்பாவுக்கு எழுது என்று படுத்துகிறாள். என் நலத்தைக் கடைசியில் எழுதுகிறேன். சிங்கப்பூர் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா?

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. அடுப்படியில் ஒழுகிய இடத்துக்கு இருளப்பன் கங்காணி ஆள் அனுப்பித் தகரம் அடித்துக் கொடுத்தார். குளிரில் தோசை மாவு பொங்குவதேயில்லை.

நீங்கள் வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து அனுப்பிய வின்ரோ பிளெண்டர் போன மாதம் நின்றுவிட்டது. தப்பு என்னுடையதுதான். புருஷனை இழந்து உங்கள் மாமன் மகள் வேலம்மா பக்கத்து வீட்டுக்கு வந்தாள் அல்லவா, பொங்கலுக்கு அவளுக்கும் ஒரு பிளெண்டர் வந்தது. ஹோம்பெல் என்று தங்க நிறத்தில் எழுத்து. ஈப்போவில் இருக்கும் தன் அண்ணன் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள். என்னுடையதில் வெறும் கறுப்பு எழுத்து. வயிறு எரிந்தது. ஆனாலும் பெயர் வேறு, நம் ஆள் வேலை செய்யும் இடத்துச் சாமான் இல்லை என்று ஒரு நிம்மதி இருந்தது.

ஆறு மணிக்குக் கரண்டு வந்ததும் அவள் பிளெண்டர் ஓடுவது பலகைச் சுவர் வழியே கேட்கும். அது நிற்கும்வரை நான் என்னுடையதை நிறுத்தமாட்டேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் காய்ந்த மிளகாயை அப்படியே போட்டு ஓட்டுவேன். ஒருநாள் ரப்பர் கருகிய நாற்றம். மோட்டார் ஓடுகிறது, கத்தி சுற்றவில்லை.

காய்கறி லோரியில் ஏறி, டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் சுப்பிரமணியத்திடம் கொண்டுபோனேன். ஜக்குக்கு அடியில் சுற்றும் ரப்பர் சக்கரம் பல் தேய்ந்துவிட்டது, புதிது வர இரண்டு வாரமாகும், அதுவரை யாரிடமாவது ஹோம்பெல் இருந்தால் அதன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அது வேறு கம்பெனி ஆயிற்றே என்றேன். அதற்கு அவர், "பேருதான்க்கா வேற, வயித்துக்குள்ள எல்லாம் ஒன்னுதான்லா. வின்ரோக்காரன் அந்தக் கம்பெனிய வாங்கி எட்டு வருசமாச்சு. ஜூரோங்ல ஒரே ஃபேக்டரிலதான் ரெண்டையும் செய்றான். பழைய பேர நம்பி வாங்குற ஆளுங்க இருக்காங்கன்னு பேர மட்டும் விட்டு வச்சிருக்கான்" என்றார். கடையில் கிடந்த உடைந்த ஹோம்பெல் ஒன்றைத் திறந்தும் காட்டினார். ஆணிகூட மாறவில்லை. சிங்கப்பூர் ஜூரோங் என்றால் நீங்கள் வேலை செய்யும் அதே ஃபேக்டரிதானே.

மறுநாள் வேலம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் மெஷினையே தூக்கிக் கொடுத்தாள். கழற்றும்போது வயரைப் பார்த்தேன். பிளக் பக்கத்தில் வயர் பிய்ந்துவிடாமல் சைக்கிள் டியூபைக் கீறி மூன்று சுற்று, மேலே வெள்ளை நூலில் இரட்டை முடிச்சு. நம் வீட்டு ரேடியோவிலும் இஸ்திரிப் பெட்டியிலும் நீங்கள் போட்ட அதே முடிச்சு. எந்த ஃபேக்டரியும் சைக்கிள் டியூப் சுற்றி அனுப்புவதில்லை, அத்தான்.

பொறாமைதான். இல்லை என்று சொல்லமாட்டேன். தாலி ஏறிய பிறகு நான் கூப்பிடப் பழகிய அத்தானை அவள் பேச்சு வந்த நாளிலிருந்து கூப்பிடுகிறாள். அவளுக்குத்தான் உங்களைக் கட்டுவார்கள் என்று தோட்டமே பேசியது எனக்குத் தெரியாதா? தனியாக நிற்கும் பெண்ணுக்கு உதவுவதைத் தடுக்கும் கல்நெஞ்சக்காரி இல்லை நான். என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தால் நானே பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். உங்களோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அது வேறு. பெயரை மாற்றி அனுப்பினால் இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை.

புதுச் சக்கரம் போன வாரமே வந்துவிட்டது. அதை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். என் பிளெண்டரில் ஓடுவது இன்னும் வேலம்மாவுடையது. இரண்டு தடவை வந்து கேட்டாள். இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். இப்போது அவள் அம்மியில் அரைக்கிறாள். அந்தச் சத்தமும் சுவர் வழியே கேட்கிறது. நான் நினைத்த அளவுக்கு அது சந்தோஷமாக இல்லை.

தைப்பூசத்துக்கு லீவு இல்லை என்றீர்கள். சித்திரைக்கும் அதையே எழுதினீர்கள். தீபாவளிக்குக் கட்டாயம் வாருங்கள். புடவை வேண்டாம், பலகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் புதுச் சக்கரத்தை உங்கள் கையாலேயே வேலம்மாவிடம் கொடுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். அந்த பிளெண்டர் யார் அனுப்பியது என்று எங்கள் இருவர் முன்னாலும் ஒரு தடவை சொல்லுங்கள். சண்டை போடமாட்டேன், ஜெயா மேல் ஆணை.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். என் நலம் கேட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை. அரிசி எடுக்கக் கை விடும்போதெல்லாம் அந்தச் சக்கரம் விரலில் தட்டுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
அம்சவல்லி